கேதாரம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

கேதாரநாத் யாத்திரை புறப்படும் நம் அன்பர்கள், திரும்பும் நாளையும் முன்கூட்டியே ரயில் டிக்கெட்டில் முடித்து விடுகிறார்கள். இமயமலை அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை! சுமார் 3,580 மீட்டர் உயரம். காலையில் சுள்ளென்று வெயில், பிற்பகலில் திடீர் மழை, இரவில் உடம்பை உலுக்கும் குளிர். 2013 ஜூனில் பெருமழை கொட்டி, சோராபாரி ஏரி உடைந்து, ஆயிரக்கணக்கானோர் மாண்டதை மறக்கலாமா?

கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் வழுக்காத பூட்ஸும் அவசியந்தான். அவற்றைவிட அவசியம், கையிருப்பாக இரண்டு நாள். அவசரம் இல்லாதவனுக்குத்தான் ஆபத்து கண்ணில் படும். கௌரிகுண்டத்தில் பாதையை மூடிவிட்டால் அதிகாரிகளோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். நாளை போனாலும் ஈசன் அங்கேதான் இருப்பார். பிரசாதத்தைவிட நீங்கள் பத்திரமாக வந்து சேர்வதே வீட்டாருக்குப் பெரிது!