விருந்தினரோடு வெளியே உண்ணும்போது



பள்ளி விடுமுறை தொடங்கினால் ஊரிலிருந்து உறவினர் மும்பைக்கு வருவது வழக்கம். கேட்வே ஆஃப் இந்தியாவைக் காட்டி முடிக்குமுன் பிள்ளைகளுக்குப் பசி வந்துவிடும். அவசரத்தில் கண்ணில் பட்ட உணவகத்தில் நுழைந்து, பள்ளிக் கட்டணத்திற்கு வைத்திருந்த பணத்தைப் பில்லுக்குக் கொடுத்துவிட்டுக் கலங்கும் குடும்பங்கள் நம் சபைகளில் உண்டு. கட்டத் தொடங்குமுன் செலவைக் கணக்கிட வேண்டுமென்று ஆண்டவர் போதித்தது (லூக்கா 14:28) உபசரிப்புக்கும் பொருந்தும்.

கொலாபாவில் சுற்றுலாப் பயணி ஒருமுறை உண்டு போய்விடுவார். அவர் திரும்பி வருவாரா என்று கடைக்காரருக்குக் கவலையில்லை. அங்கிருந்து வடக்கே உள்ள ஃபோர்ட் பகுதியிலோ, நீதிமன்றத்திலும் வங்கிகளிலும் வேலை செய்வோர் தினமும் உண்கிறார்கள். அவர்களை இழக்க விரும்பாத கடையில் விலையும் ருசியும் நியாயமாயிருக்கும். மதியம் ஒரு மணிக்கு முன்பே சென்றால் இடம் எளிதாய்க் கிடைக்கும்.

குறைந்த செலவில் பசியாற விரும்புவோருக்கு, சி.எஸ்.எம்.டி. நிலையத்தின் எதிர்ப்புறத்தில் பஞ்சம் பூரிவாலா இருக்கிறது. பூரியும் உருளைக்கிழங்கு பாஜியும் அங்கே பிரசித்தம். தோபி தலாவில் 1904-இல் தொடங்கிய கயானி என்னும் ஈரானி கடையில் பன் மஸ்காவும் தேநீரும் கிடைக்கும்.

சோறு இல்லாவிட்டால் சாப்பிட்டதாகவே எண்ணாத பெரியவர்கள் வந்திருந்தால், சென்ட்ரல் பாதையில் ஸ்லோ லோக்கல் ஏறி மாட்டுங்காவில் இறங்குங்கள். நிலையத்தருகே 1942 முதல் நடக்கும் ராமா நாயக் உடுப்பி உணவகத்தில் வாழையிலைச் சாப்பாடு உண்டு. டிபன் போதுமென்றால் 1940-இல் தொடங்கிய கஃபே மெட்ராஸ் அருகிலேயே உள்ளது. இங்கெல்லாம் நடுத்தரச் செலவே ஆகும்.

திருமண நாள் போன்ற அபூர்வ வேளைக்கு, பல்லார்ட் எஸ்டேட்டில் 1923-இல் தொடங்கிய பிரிட்டானியாவின் பெர்ரி புலாவ் உண்டு. இது மதிய உணவுக்கான இடம், செலவு அதிகம். முன்னதாகவே பணம் ஒதுக்கி வைத்துச் செல்வது நலம்.

சில எச்சரிப்புகளைக் கவனியுங்கள். 'பெர்மிட் ரூம்' அல்லது 'பார் அண்ட் ரெஸ்டாரண்ட்' என்று பலகையிருந்தால் அங்கே மது பரிமாறுகிறார்கள் என்று பொருள். பிள்ளைகளோடு நுழைய வேண்டாம். டாக்சி ஓட்டுநர் வற்புறுத்தி அழைத்துச் செல்லும் கடையில் அவருக்குக் கமிஷன் இருக்கலாம். விலைப்பட்டியலைப் பார்த்தபின்பே ஆர்டர் கொடுங்கள். பில்லில் வரும் 'சர்வீஸ் சார்ஜ்' அரசாங்க வரியல்ல. அதைத் தானாகச் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் அறிவித்தது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. நீக்கும்படி சாந்தமாய்க் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

உடுப்பிக் கடையில் சுவாமி படம் இருக்கிறதே, உண்ணலாமா என்று சில விசுவாசிகள் கேட்கிறார்கள். 1 கொரிந்தியர் 10:25-29 வசனங்களை வாசியுங்கள். உணவைக் குறித்துக் கேள்விமேல் கேள்வி எழுப்ப வேண்டாமென்று சொல்லும் பவுல், உடனிருப்பவருடைய மனச்சாட்சியைக் கனப்படுத்தவும் சொல்கிறார். உங்களோடு வந்த அத்தையோ சித்தப்பாவோ சஞ்சலப்பட்டால் தர்க்கம் செய்யாமல் வேறு கடைக்குப் போங்கள். அவர்கள் மன நிறைவோடு உண்பதே நம் உபசரிப்பின் நோக்கம்.

சம்பளத்துக்கு மிஞ்சி உபசரித்தால்தான் ஊரில் மதிப்பு என்று எண்ணாதிருங்கள். பகையுள்ள இடத்தின் இறைச்சி விருந்திலும் அன்புள்ள இடத்தின் எளிய உணவு மேலென்று நீதிமொழிகள் 15:17 போதிக்கிறது. நம்மால் இயன்ற தொகையைக் கணவனும் மனைவியும் முந்தின இரவே பேசி முடிவுசெய்து, ஜெபித்துப் புறப்படுங்கள். பூரியானாலும் புலாவானாலும் ஸ்தோத்திரத்தோடு உண்டு, கடனில்லாமல் வீடு திரும்புங்கள். கர்த்தர் உங்கள் பந்தியை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.