கண்ணாடி வழுக்கியும் கணினித் திரையும்

சாதாரண நுணுக்குக்காட்டியில் ஒரு வேளையில் ஒருவரே நோக்க இயலும். “அதோ, ஊதா நிறமாயுள்ள கலத்தைப் பார்” என்பார் ஆசிரியர். மாணவன் வேறெதனையோ பார்த்து “ஆம், ஐயா” என்பான். இருவரும் ஒன்றையே கண்டனரா என்பதை யார் அறிவார்? மருத்துவக் கல்வியில் நெடுங்காலம் நிலவிய இக்குறையை டிஜிற்றல் வழுக்கி பெரிதும் நீக்கியிருக்கின்றது.

சாயமூட்டிய இழையத்தைத் தாங்கிய கண்ணாடி வழுக்கியை ஒரு பொறி சிறு சிறு பகுதிகளாகப் படம் பிடித்து ஒன்றாக இணைக்கின்றது. மில்லிமீற்றர் ஒன்றின் 4,000இல் ஒரு பங்கே ஒரு படப்புள்ளியெனக் கொண்டால், 15 மில்லிமீற்றர் சதுரமான துண்டத்துக்கு 360 கோடிப் புள்ளிகள் வேண்டும். இப்பெரும்படம் முழுவதும் மாணவனின் கணினிக்கு வருவதில்லை. அவன் நோக்கும் பகுதி மட்டுமே வரும். நூறு மாணவரும் ஒரே கலத்தை, ஆசிரியர் இட்ட குறியோடு காணலாம். படம் உடைவதுமில்லை, சாயம் மங்குவதுமில்லை. அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக் கழகம் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இம்முறையைக் கையாண்டது. 2020இல் கொரோனாவினாற் கல்லூரிகள் மூடப்பட்டபோது இதன் அருமை ஏனையோருக்கும் விளங்கிற்று.

நமது நாட்டுக்கு வேறொரு பயனும் உண்டு. 1934–35இல் ஏறத்தாழ 80,000 பேரைப் பலிகொண்ட மலேரியா இலங்கையில் ஒழிந்துவிட்டதென 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. மகிழ்ச்சியே. ஆயினும் வெளிநாடு சென்று மீள்வோர் சிலர் அந்நோயுடன் வருகின்றனர். இன்றைய மாணவன் அவ்வொட்டுண்ணியை எங்கே கண்டு பழகுவான்? பழைய வழுக்கிகளைப் படமாக்கிக் காத்தல் அவசியம்.

அதற்காக, நுணுக்குக்காட்டிகளை அப்புறப்படுத்திவிடலாம் என்போருடன் நாம் உடன்படோம். டிஜிற்றல் வழுக்கிகளிற் பெரும்பாலானவை ஒரே ஆழத்திற் பிடிக்கப்பட்டவை. தடித்த இரத்தப் பூச்சிலே தோன்றுவது ஒட்டுண்ணியோ சாயத்துகளோ என ஐயம் எழுந்தால், குவியத்தைத் திருத்தும் சிறு திருகை முன்னும் பின்னும் அசைத்தே தெளிய வேண்டும். நோயில்லை என்று கூறுமுன் குறைந்தது நூறு பார்வைப் புலங்களையேனும் தேடிப்பார்த்தல் முறை. இத்தேடலைக் கையும் கண்ணும் ஒருங்கே பழக வேண்டும். காய்ச்சலோடு வந்தவரின் இரத்தத்தில் ஆசிரியரின் அம்புக்குறி இராதன்றோ!

ஆதலால், முதலில் திரையிற் காட்டிவிட்டு, பின்னர் அதே இழையத்தின் கண்ணாடி வழுக்கியை மாணவன் கையிற் கொடுத்து, குறியேதுமின்றித் தேடச் செய்தல் நன்று. நேரம் கூடுதலாகச் செல்லும். பாடவேளை போதாதென ஆசிரியர்கள் முறையிடவுங் கூடும். நாமும் ஆசிரியரே, அம்முறையீட்டை அறியாதவரல்லோம்.