அம்ப் வால்வு வாங்கப் போகும் தம்பிமாருக்கு

 

கொஞ்சம் நீண்ட பதிவு. தேத்தண்ணி ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள். பிள்ளைகள் கிட்டார் வாசிக்கும் வீடு என்றால் கட்டாயம் வாசியுங்கள்.

போன மாதம் டிக்கோயாப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து நான்கு பையன்கள் எங்களைத் தேடி வந்தார்கள். எல்லோரும் எங்களிடம் படித்தவர்கள். கோயில் திருவிழா, கல்யாண வீடு, பாடசாலை ஆண்டு விழா என்று வாசித்து ஏதோ நாலு காசு பார்க்கிறார்கள். அவர்களிடம் ஒரு பழைய இங்கிலாந்து கிட்டார் அம்ப் இருக்கிறது. 50 வாட், வால்வு அம்ப். துரைமாரின் கிளப்பில் இருந்து வந்ததாம். நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். எந்தப் பழைய சாமானைக் காட்டினாலும் நம்மூரில் அது துரை விட்டுப்போனதுதான்.

அம்ப் உறுமத் தொடங்கியது. பியூஸ் போகத் தொடங்கியது. "வால்வு செத்துப் போச்சு" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பையன்கள் ஃபோனில் தேடி, ஒரு பக்கத்தில் "பாவிக்காத பழைய முல்லார்ட், ஒரிஜினல் இங்கிலாந்து" என்று ஒரு சோடி வால்வைக் கண்டு, ஒருவனின் அம்மா சீட்டெடுத்து வைத்திருந்த காசில் 38,000 ரூபா கொடுத்து வாங்கிவிட்டார்கள். போட்டு பத்து நிமிடத்தில் வால்வுக்குள் தகடு செக்கச் சிவந்தது. பியூஸும் போனது. பிளக்கைக் கழற்றிவிட்டோமே என்ற தைரியத்தில் ஒருவன் பின்பக்கத்தைத் திறந்து கையை வைத்தான். சுவர் வரைக்கும் தூக்கி எறிந்திருக்கிறது. விரலில் காயத்தோடு போனது. அல்லாஹ் காப்பாற்றினான்.

நாங்கள் என்று சொன்னால், பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் இருவரும், டவுனில் முப்பது வருடம் ரேடியோ திருத்திய நானா ஒருவரும். அந்த அம்பை மூன்று ஞாயிற்றுக்கிழமை மேசையில் வைத்துப் பார்த்தோம். பார்த்ததைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. முஸ்லிம் வாத்தியாருக்குக் கிட்டார் அம்பில் என்ன வேலை என்று ஒரு நண்பர் கேட்டார். இசை பற்றி எங்களுக்குள் மார்க்கக் கருத்து வேறுபாடு இருக்கிறது, அது வேறு பேச்சு. எங்களிடம் படித்த பிள்ளை கரண்ட் அடித்து விழுந்தால் அது எங்கள் வேலைதான். நம்முடைய பள்ளிவாசல்களிலும் கோயில்களிலும் மூலையில் பழைய வால்வு ஒலிபெருக்கி அம்புகள் இன்னும் கிடக்கின்றன. திறந்தால் அவையும் இதே அடிதான் அடிக்கும்.

முதல் விஷயம். அந்தப் பழைய வால்வுகள் சாகவே இல்லை.

வால்வு என்பது கண்ணாடிக் குமிழிக்குள் வெற்றிடம். உள்ளே சூடாகும் கதோட்டிலிருந்து இலத்திரன்கள் கிளம்பி, 400, 450 வோல்ட் நேர் அழுத்தத்தில் நிற்கும் தகட்டை நோக்கி ஓடுகின்றன. இடையில் ஒரு கம்பி வலை. அந்த வலைக்கு மறை வோல்ட் கொடுத்தால் ஓட்டம் அடங்கும். நம்மூர் மதகுப் பலகை போல. இந்த வகை அம்பில் அந்த வலைக்கு மைனஸ் 35 முதல் 40 வோல்ட் வரை வர வேண்டும். இதைத்தான் பயஸ் என்கிறார்கள். பையன்களின் அம்பில் அந்த மைனஸ் வோல்ட்டைத் தாங்கி வைத்திருக்கும் சிறிய கொண்டென்சர் காய்ந்துபோய்விட்டது. பலகை இல்லாத மதகில் தண்ணீர் எப்படிப் பாயும்? அப்படித்தான் கரண்ட் பாய்ந்தது, தகடு சிவந்தது. பழைய வால்வுக்கும் அதே கதி, 38,000 ரூபா வால்வுக்கும் அதே கதி. கொண்டென்சரின் விலை ஒரு பிளேன்டீயும் இரண்டு வடையும் சாப்பிடும் காசு.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். மீற்றர் வைத்துப் பார்க்காமல் ஒருவரும் பவர் வால்வுக்குக் காசு கட்டக்கூடாது. ஊரில் மீற்றரும் அறிவும் உள்ள ஒருவரைக் கண்டுபிடிப்பது, எந்தக் கம்பெனி வால்வு நல்லது என்று இரவிரவாக வீடியோ பார்ப்பதை விட முக்கியம்.

இரண்டாவது விஷயம் அந்த "முல்லார்ட்".

முல்லார்ட் என்பது உண்மையில் பெரிய பெயர். இங்கிலாந்தில் லங்காஷயரில் பிளாக்பேர்ன் என்ற ஊரில் அவர்களின் பெரிய தொழிற்சாலை இருந்தது. அங்கே செய்த இஎல் 34, இசிசி 83 வால்வுகளுக்கு இன்றைக்கும் உலகம் முழுக்க ஆட்கள் ஏங்குகிறார்கள். அந்த உற்பத்தி நின்று பல பத்தாண்டுகள். இன்று "முல்லார்ட்" என்ற பெயரோடு புதுப் பெட்டியில் வருவது ரஷ்யாவில் வொல்கா ஆற்றங்கரை சராத்தொவ் நகரில் செய்யப்படுவது. அமெரிக்காவின் மைக் மத்தியூஸ் என்பவரின் நிறுவனம் அந்தத் தொழிற்சாலையை வாங்கி, சொவ்டெக், டங்-சோல், முல்லார்ட், ஜெனலெக்ஸ் கோல்ட் லயன் என்று பல பெயர்களில் விற்கிறது. சட்டப்படி பெயர் வாங்கியிருக்கிறார்கள், அதில் களவு இல்லை. வால்வும் மோசமில்லை. களவு எங்கே என்றால், அந்தப் புது வால்வை இங்கே ஒருவர் "1960ஆம் ஆண்டு இங்கிலாந்து" என்று மூன்று மடங்கு விலைக்கு விற்பதில்.

பழையது உண்மையா என்று பார்ப்பது எப்படி? மேலே அச்சடித்த பெயரை நம்ப வேண்டாம். அது விரலால் தேய்த்தாலே போகும், உண்மையானதிலும் போகும். கண்ணாடியின் அடிப்பக்கம், அடித்தளத்துக்குச் சற்று மேலே, இரண்டு வரியில் மங்கலாகச் சிறிய குறியீடு பொறித்திருப்பார்கள். பிளாக்பேர்னில் செய்ததில் இரண்டாவது வரி ஆங்கில 'பி' எழுத்தில் தொடங்கும். பையன்கள் வாங்கியதில் டோர்ச் அடித்தும் ஒன்றும் இல்லை. விற்றவருக்கு எழுதினோம், பதில் வரவில்லை. பெயர் போட்டுச் சண்டை பிடிப்பது இந்தப் பதிவின் நோக்கமல்ல.

வால்வு ஏன் ரஷ்யாவில் என்று வகுப்பில் கேட்பார்கள். 1947இல் அமெரிக்காவில் டிரான்சிஸ்டர் வந்தது. மேற்கு நாடுகள் கொஞ்சம் கொஞ்சமாக வால்வைக் கைவிட்டன. சோவியத் விடவில்லை. 1976இல் ஒரு சோவியத் விமானி மிக்-25 போர் விமானத்தோடு ஜப்பானின் ஹக்கொடாட்டேயில் இறங்கினார். பிரித்துப் பார்த்தால் அதற்குள் வால்வுகள்! ஒரு பக்கம் சிரித்தார்கள், இன்னொரு பக்கம் யோசித்தார்கள். அந்தப் பிடிவாதத்தால்தான் இன்று கிட்டார்காரருக்கு வால்வு கிடைக்கிறது. மிச்சமாகப் பெரிய அளவில் செய்வது ஸ்லோவாக்கியாவின் ஜேஜே நிறுவனமும் சீனத் தொழிற்சாலைகளும்தான். 2022 மார்ச்சில் உக்ரைன் போரோடு ரஷ்யா ஏற்றுமதித் தடைப் பட்டியல் போட்டபோது வால்வும் அதில் மாட்டியது. பிறகு வரத்துத் தொடர்ந்தாலும் விலை ஏறிய இடத்திலேயே நின்றுவிட்டது. அதே மார்ச்சில்தான் இங்கே நம்முடைய ரூபாவும் விழுந்தது. டொலர் 200இலிருந்து 350ஐத் தாண்டிப் போனதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சராத்தொவுக்கும் ஹட்டனுக்கும் ஒரே நேரத்தில் இடி.

சரி, உண்மையிலேயே வால்வு மாற்ற வேண்டி வந்தால் எதை வாங்குவது?

பெயரை முதலில் வாசிக்கப் பழகுங்கள். ஐரோப்பியப் பெயரில் அர்த்தம் இருக்கிறது. 'இ' என்றால் சூடாக்கும் கம்பிக்கு 6.3 வோல்ட். 'சி' என்றால் டிரையோட், இரண்டு 'சி' என்றால் ஒரே குமிழியில் இரண்டு டிரையோட். 'எல்' என்றால் பவர் பென்டோட். எண் 3இல் தொடங்கினால் எட்டுக் கால் பெரிய அடித்தளம், 8இல் தொடங்கினால் ஒன்பது கால் சிறியது. ஆகவே இஎல் 34, இஎல் 84 இரண்டும் பவர் வால்வுதான், ஆனால் ஒன்றின் சொக்கெட்டில் மற்றது ஏறாது. அமெரிக்கப் பெயரில் 12ஏஎக்ஸ்7 என்று கண்டால் அது இசிசி 83தான், இரண்டு விலை கொடுக்க வேண்டாம்.

இஎல் 34 இருந்த அம்பில் இஎல் 34 போடுங்கள். 6எல்6ஜிசியும் எட்டுக் கால், சொக்கெட்டில் அழகாக ஏறும். அங்கேதான் ஆபத்து. 6எல்6 ஒன்றின் சூடாக்கும் கம்பி 0.9 அம்பியர் எடுக்கும், இஎல் 34 ஒன்று 1.5 அம்பியர் எடுக்கும். 6எல்6க்காகச் செய்த அம்பில் இஎல் 34 போட்டால் டிரான்ஸ்போமர் மெதுவாக வெந்துபோகும். டிரான்ஸ்போமர் போனால் நம்மூரில் அம்பே போன மாதிரி.

பவர் வால்வை எப்போதும் இணைசேர்த்த சோடியாக வாங்குங்கள். அளந்த மில்லி அம்பியர் கணக்கைப் பெட்டியில் எழுதித் தருபவரிடம் வாங்குங்கள். போட்ட பிறகு பயஸ் வைக்க வேண்டும். இஎல் 34இன் தகடு தாங்குவது 25 வாட், அதில் 70 வீதத்துக்கு மேல் ஓய்வில் ஓடவிடக்கூடாது. அதாவது 17.5 வாட். தகட்டில் 450 வோல்ட் என்றால் வால்வு ஒன்றுக்கு ஏறக்குறைய 39 மில்லி அம்பியர். எங்கள் நானா 35இல் நிறுத்தினார். "சத்தத்தில் வித்தியாசம் தெரியாது தம்பி, ஆயுசில் தெரியும்" என்றார். இஎல் 84 போட்ட சில அம்புகளில் கதோட் பயஸ், அது தானாகவே சரி செய்துகொள்ளும். உங்களுடையது எது என்று தெரியாமல் திருகாணியில் கை வைக்க வேண்டாம்.

சின்ன வால்வுகளைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. இசிசி 83 வருடக்கணக்கில் ஓடும். சந்தேகம் என்றால் அம்ப் ஓடும்போது மரப் பென்சிலால் ஒவ்வொன்றாக மெல்லத் தட்டுங்கள், மணி அடித்தமாதிரி ஸ்பீக்கரில் கேட்டால் அதுதான் குற்றவாளி. அதை மட்டும் மாற்றினால் போதும். மூன்றையும் ஒரேயடியாக மாற்றச் சொல்பவர் வால்வு விற்பவராகத்தான் இருப்பார். குமிழியின் தலையில் வெள்ளி பூசியமாதிரி இருக்கும் பகுதி பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்று உள்ளே போய்விட்டது, அதற்கு மருந்தில்லை.

இதையெல்லாம் விட நம்மூருக்கென்று இரண்டு வியாதி இருக்கிறது. ஒன்று பனியும் ஈரமும். மே மாதம் மழை பிடித்தால் உடுப்பே காயாத ஊர் இது. பல நேரம் பிழை வால்வில் இல்லை, பச்சை பூத்த சொக்கெட்டில் இருக்கிறது. கழற்றி, துடைத்து, கொன்டாக்ட் கிளீனர் அடித்தாலே பாதி இரைச்சல் போய்விடும். மற்றது வோல்டேஜ். 1950இலிருந்து லக்சபானாவில் மின்சாரம் எடுக்கிறார்கள், மழை விழுவது நம் தலையில். ஆனால் பின்னேரம் ஆறரைக்கு லயத்தில் மீற்றர் வைத்தால் 190, 195 காட்டுவதைப் பார்த்திருக்கிறோம். 230க்குச் செய்த அம்பில் 190 வந்தால் 6.3 வோல்ட் 5.2 ஆகிவிடும். கதோட் ஒழுங்காகச் சூடாகாது, வால்வு பாழாகும், பையன் வால்வு மட்டம் என்று திட்டுவான். வால்வுக்கு முன்னே ஒரு ஸ்டெபிலைசர் வாங்குங்கள்.

அப்புறம் அந்த சிகரெட் பெட்டி ஈயத்தாள். பியூஸ் போனால் அதைச் சுற்றிப் போடும் வழக்கத்தை இன்றோடு விடுங்கள். எங்கள் பையன்களின் அம்பிலும் அது இருந்தது. நல்ல பியூஸ் போட்டிருந்தால் முதல் வால்வு சிவப்பதற்கு முன்பே நின்றிருக்கும்.

பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே பெரிய கொண்டென்சர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். சிலவற்றில் மணிக்கணக்கில் நிற்கும். தடையி ஒன்றின் வழியாக அதை இறக்கி, மீற்றரில் பூச்சியத்துக்குப் பக்கத்தில் வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும், அதுவும் தெரிந்தவர். தெரியாதவர் பின்பலகையைத் திறக்கவே வேண்டாம்.

"இவ்வளவு தொல்லைக்கு டிரான்சிஸ்டர் அம்ப் ஒன்று வாங்கினால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. புதிதாக வாங்குபவருக்கு நாங்களும் அதைத்தான் சொல்வோம். மழையில் லொறிப் பின்னால் தூக்கிப் போட்டுக்கொண்டு மஸ்கெலியா, பொகவந்தலாவை என்று அலைபவனுக்கு கண்ணாடிக் குமிழி எதற்கு? ஒரு சோடி நல்ல வால்வு, அனுப்புச் செலவு, வரி எல்லாம் சேர்த்தால் பத்துப் பதினைந்து நாள் கொழுந்து எடுத்த சம்பளம் போய்விடும். 1,000 ரூபா நாட்சம்பளத்துக்காக 2021 வரை எத்தனை வருடம் கத்தினோம் என்பதை நினைத்துப் பார்த்துச் செலவு செய்யுங்கள்.

ஆனால் கையில் ஏற்கனவே இருக்கும் நல்ல டிரான்ஸ்போமருள்ள வால்வு அம்பைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்ல எங்களுக்கு மனமில்லை. அதன் சுற்று நானா கடுதாசியில் வரையக்கூடிய சுற்று. ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக மாற்றலாம். நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய பொப் காலத்து ஆட்களைக் கேளுங்கள், அந்தக் கிட்டார்ச் சத்தத்தைப் பற்றி மணிக்கணக்கில் கதைப்பார்கள்.

பையன்களின் அம்ப் இப்போது ஓடுகிறது, பழைய வால்வோடுதான். அந்த 38,000 ரூபாச் சோடியையும் பயஸ் வைத்துச் சோதித்தோம். ஒன்று 31, மற்றது 44 மில்லி அம்பியர். சோடியே இல்லை. சீட்டுக் காசை மூன்று திருவிழா வாசித்து அடைக்கப் போகிறார்கள். விரல் காயம் ஆறிவிட்டது, கோர்ட் பிடிக்க இன்னும் கொஞ்சம் நோகிறதாம்.

இஎல் 34, இசிசி 83 தேவைப்படும் வேறு ஆட்கள் ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், கொட்டகலைப் பக்கம் இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். நான்கு ஐந்து பேர் சேர்ந்தால் ஒரே பார்சலில் எடுக்கலாம், அனுப்புச் செலவு பிரியும். பரணில் பழைய ரேடியோ வால்வு வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள், காசில்லாமல் சோதித்துத் தருகிறோம். பள்ளிவாசல், கோயில் பழைய அம்ப் திறக்க இருப்பவர்கள் திறக்க முதல் ஒரு கோல் எடுங்கள்.