எண்ணப்படாத வாக்குகள்

மாநிலங்களவையின் விதி 252ஐ இலக்கிய வாசகராகிய நாம் படிப்பதில்லை, படிக்கத்தக்க உரைநடைதான். குரல்களைக் கேட்டு அவைத்தலைவர் முடிவைக் கூறுவார்; அதை மறுத்து உறுப்பினர் 'டிவிஷன்' கோரினால், வாக்குகளை எண்ண வேண்டும் என்பது அதன் சாரம்.

2020 செப்டம்பர் 20 அன்று இரு வேளாண் மசோதாக்களின்மீது எதிர்க்கட்சியினர் அதைக் கோரினர். கோரியவர்கள் தம் இருக்கைகளில் இல்லை என்றார் அவைத் துணைத்தலைவர். அமளிக்கிடையே குரல் வாக்கெடுப்பிலேயே மசோதாக்கள் நிறைவேறின. அமளிக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை (அவை நடுவே பாய்வது வாதமாகாது). ஆனால், பெரும்பான்மை உண்டென்று உறுதியாகச் சொன்ன அரசு எண்ணிக்கைக்கு ஏன் இசையவில்லை? குரல் வாக்கெடுப்பில் பெயர்கள் பதிவாவதில்லை. தம் மாநில உறுப்பினர் 'ஆம்' என்றாரா என்பதை எந்த உழவரும் அவைக்குறிப்பில் தேடிக் காண இயலாது.

2021 நவம்பர் 29 அன்று, வேளாண் சட்டங்களை நீக்கும் மசோதாவும் விவாதம் என்று சொல்லத்தக்கது ஏதுமின்றிக் குரலாலேயே நிறைவேறியது.