சத்தம் போட்டா குத்தமா?

போன மே மாசம் எங்க குடியிருப்புல டுக்னாட். வேற ஒண்ணுமில்லை, நம்ம ஊர்ல ஏரி தூர்வார வீட்டுக்கு ஒரு ஆள் போற மாதிரி, எல்லாருமா சேர்ந்து வளாகத்தைச் சுத்தம் பண்ற நாள். கடைசியில வாஃபிள், காபி உண்டு (நான் போனது அதுக்குத்தான் :-)). ஒருத்தர் நீளமா ஒரு கழியோட வந்தார். பிர்ச் மரத்துல இருக்கிற கூடுகளைத் தட்டிவிடணுமாம்.

கூட்டுக்குச் சொந்தக்காரர் கிரோத்ரொஸ்ட். சாம்பல் தலை, செம்பழுப்பு முதுகு, புள்ளி போட்ட நெஞ்சு. காட்டுப் பறவைதான். ஆனா ட்வெய்ட்டாவுக்குப் பக்கத்துலயே ஓஸ்ட்மார்க்கா காடு, அதனால வாசல் வரைக்கும் வந்துடும். பத்து இருபது ஜோடி பக்கம் பக்கமா கூடு கட்டும். விடியக்காலை நாலு மணிக்கே 'சாக் சாக்'னு கும்மி ஆரம்பம்.

காக்கா வந்தா இருக்கே, பாக்கணும்! பத்துப் பேர் ஒண்ணா பாய்ஞ்சு அதுமேல எச்சம் அடிக்கும். குறி தப்பாது. இறகெல்லாம் நனைஞ்சு காக்கா பறக்கவே திணறும். மனுசனுக்கும் அதே மரியாதைதான். இன்டர்வியூவுக்குன்னு வாங்கின என் ஜாக்கெட்டே சாட்சி. அதனால அந்தக் கழிக்காரர் மேல எனக்குக் கோபமே வரலைங்கறதுதான் நிஜம்.

ஆனா அந்தச் சத்தம் எனக்குப் பழகின சத்தம். ஆச்சி வீட்டுப் புளியமரத்தடியில தவிட்டுக்குருவிங்க திடீர்னு கத்தினா, "பாம்பு கிடக்கா பாருடா"ன்னு ஆச்சி குரல் கொடுக்கும். கீழ்வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா இதையே புலுனின்னு சொல்றாங்க. தவிட்டுக்குருவி கூட்டமே சேர்ந்து ஒரு குஞ்சுக்கு ஊட்டும். கிரோத்ரொஸ்ட் அப்படியில்லை, அவங்கவங்க குஞ்சுக்கு அவங்கவங்க சாப்பாடு. காவல் மட்டும் பொது. இந்தக் காவலை நம்பி மெர்லின்கிற சின்ன வல்லூறுகூட இதுங்க நடுவுல கூடு கட்டும். அப்படிக் கட்டினா மெர்லினுக்குக் குஞ்சு அதிகம் பிழைக்குதுன்னு விக்லுண்ட்ங்கிற ஆய்வாளர் 1979லயே எழுதியிருக்கார்.

இங்க சத்தம்னாலே தொல்லைன்னு முடிவு கட்டிடறாங்க. அது தொல்லை இல்லைங்க, அலாரம். முட்டையிலிருந்து குஞ்சு பறக்கிற வரைக்கும் சுமார் ஒரு மாசம். அதுவரைக்கும் அந்தப் பாதையில போகாம சுத்திப் போனா என்ன குறைஞ்சுடும்? தேவையில்லாம கூட்டைக் கலைக்கக்கூடாதுன்னு இந்த ஊர்ல 2009லேயே சட்டமும் போட்டாச்சு.

இதையெல்லாம் என் ஓட்டை நார்வேஜியன்ல சொல்லி முடிக்கிறதுக்குள்ள வாஃபிள் ஆறிப்போச்சு. வாடகைக்கு இருக்கிற பய நமக்கெதுக்குன்னு உள்ளுக்குள்ள உதறல் வேற. ஒரு பாட்டியம்மா மட்டும் தலையாட்டினாங்க. கழிக்காரர் முறைச்சார், அப்புறம் கழியைச் சுவத்துல சாத்திட்டு காபி ஊத்தப் போயிட்டார்.

ஜூலையில மரம் காலி. ஜாக்கெட்டை மூணு தடவை துவைச்சாச்சு, கறை இன்னும் போகலை.