போர்வைக்கு பார்டர் அவசியமா?

ரெண்டு வாரமா வீட்ல ஒரே பஞ்சாயத்து. சொத்துத் தகராறெல்லாம் இல்லீங்க. ஒரு போர்வைக்கு பார்டர் வைக்கணுமா வேண்டாமான்னு!

முன்கதைச் சுருக்கம்: அம்மாச்சி போன வருஷம் தவறிட்டாங்க. அவங்க கட்டி நைஞ்சு போன சுங்குடிச் சேலைகளைச் சதுரம் சதுரமா வெட்டி, அக்கா பொண்ணுக்கு ஒரு ஒட்டுப்போர்வை தைக்கிறோம். தைக்கிறது நானும் அம்மாவும். (பகல்ல ஜாவா, ராத்திரி ஊசி நூல். ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க :-)) பத்து இன்ச் சதுரம், வரிசைக்கு 5, மொத்தம் 6 வரிசை. ஆக 50க்கு 60 இன்ச்.

விரிச்சுப் பார்த்த அம்மா, "கரையில்லாத சேலை மாதிரி மொட்டையா இருக்குடா"ன்னுட்டாங்க.

இங்க ஒண்ணைத் தெளிவா சொல்லிடறேன். ஓரம் பிரியாம இருக்க மடிச்சு அடிக்கிற பட்டி வேற, பார்டர் வேற. பட்டி இல்லைன்னா நாலு துவையல்ல போர்வை நூல் நூலா வந்துடும். அதுல பேச்சுக்கே இடமில்லை. நான் கேக்கறது சுத்திவர அகலமா வைக்கிற துணியைப் பத்தி.

அதுக்கு எப்ப வேலை இருக்கு? ஒண்ணு, போர்வை கட்டிலுக்குப் பத்தலைன்னா. ரெண்டு, நடுவுல இருக்கிற டிசைனுக்கு ஒரு சட்டம் தேவைப்பட்டா. அமெரிக்காவுல லான்காஸ்டர் ஆமிஷ் மக்களோட பழைய குவில்ட் படங்களைப் பாருங்க. நடுவுல ஒரு பெரிய வைரம், சுத்தி அகலமான பார்டர். அதை எடுத்துட்டா டிசைனே போச்சு.

ஆனா அதே நாட்டுல அலபாமாவுல ஜீஸ் பெண்ட்னு ஒரு ஊர். அடிமைகளா இருந்தவங்களோட வம்சாவளிப் பெண்கள் பழைய வேலைத்துணியில தைச்ச போர்வைகள். பலதுல தனியா பார்டரே கிடையாது. 2002ல ஹூஸ்டன் மியூசியத்துல வச்சாங்க, 2006ல தபால்தலையே போட்டாங்க. நம்ம பக்கத்து கர்நாடகாவுல சித்தி மக்கள் தைக்கிற கவந்தில, நாலு மூலைக்கும் துணியை மடிச்சு 'பூ' வைப்பாங்க. அது இல்லைன்னாதான் அவங்களுக்கு போர்வை மொட்டை. ஆக, இது சட்டமில்லை. ஊருக்கு ஊர் பழக்கம், அவ்ளோதான்.

"சரி, வச்சுத்தான் பார்ப்போமே"ன்னு அம்மா பீரோவைத் திறந்தாங்க. எடுத்தது அம்மாச்சியோட கடைசி சேலை. அரக்கு கலர், நைஞ்சு போகாத ஒரே சேலை. அதை வெட்டாம, அப்படியே மடிச்சு போர்வைக்கு அடியில நாலு பக்கமும் அஞ்சு இன்ச் தெரியற மாதிரி சொருகினோம். (எந்த பார்டரையும் வெட்டறதுக்கு முன்னாடி இப்படி ஒருதடவை பார்த்துடுங்க மக்களே.)

பொய் சொல்லக்கூடாது. அட்டகாசமா இருந்துச்சு.

அம்மா கத்திரிக்கோலை எடுத்தாங்க. "பெட்டியில வச்சிருந்து என்ன பண்ணப் போறோம், பூச்சிதான் திங்கும்"னாங்க. ஆனா வெட்டலை. கத்திரிக்கோலைக் கையில வச்சுக்கிட்டு சேலையைத் தடவிக்கிட்டே உக்காந்திருந்தாங்க. நான்தான் வாங்கி வச்சேன்.

என் கட்சி இதான். அழகா இருக்கும்ங்கிறது மட்டும் காரணமா இருந்தா, அந்த அழகுக்கு என்ன விலைன்னு பார்க்கணும். பாப்பா ரெண்டு வயசு. அவளுக்கு 50க்கு 60 தாராளம். டிசைனுக்கும் சட்டம் தேவையில்லை, எல்லாமே சதுரம். அப்போ வேலையே இல்லாத பார்டருக்கு ஒரு முழுச் சேலை எதுக்கு? கடையில புதுத்துணி வாங்கி வைக்கலாம்தான். ஆனா அம்மாச்சி கட்டாத துணி அந்தப் போர்வையில எதுக்குங்க?

மிச்சமிருந்த துண்டுகளை ரெண்டரை இன்ச் பட்டியா வெட்டி ஓரம் அடிச்சாச்சு. சேலை திரும்ப பீரோவுக்குப் போயிடுச்சு, வேப்பிலையோட.

அம்மா இன்னமும் மொட்டைன்னுதான் சொல்றாங்க. பாப்பா அதைத் தரையில போட்டு இழுத்துக்கிட்டுத் திரியறா. நீங்க எந்தக் கட்சி? சொல்லிட்டுப் போங்க.