நீயே முதலில் எடு!

கோடை விடுமுறைக்கு என் தமையனார் பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறான். வயது பதினைந்து. வந்த அன்றே சமையலறையிலிருந்து ஒரு கைப்பிடி புளியங்கொட்டையைக் கொண்டுவந்து கூடத்தில் கொட்டிவிட்டு, என் பெண்ணை விளையாடக் கூப்பிட்டான். அவளுக்கு வயது ஒன்பது. கூப்பிட்டு வாய் மூடுவதற்குள் போய் உட்கார்ந்துவிட்டாள்.

ஆட்டம் இதுதான். மொத்தம் 20 கொட்டை. ஒருவர் மாற்றி ஒருவர் எடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒன்றோ, இரண்டோ, மூன்றோ எடுக்கலாம். எடுக்காமல் சும்மா இருக்கக் கூடாது. கடைசிக் கொட்டையை எடுப்பவருக்கு ஜயம். தோற்றவர் ஒரு சோழி கொடுக்க வேண்டும்.

"நீ சின்னவளாச்சே, நீயே முதலில் எடு" என்றான் பையன். "தங்கையிடம் எவ்வளவு பிரியம் பாருங்கள்!" என்று என் மனைவி மெச்சிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மாலை நான் ஆபீஸிலிருந்து திரும்பியபோது, குழந்தையின் பையில் ஆறே ஆறு சோழிதான் பாக்கி இருந்தது. நாற்பது இருந்த பை அது. என் தாயார் பல்லாங்குழிப் பலகையோடு பேத்திக்கென்று கொடுத்துவிட்டுப் போன சோழிகள். குழந்தை அழவில்லை. பையை இடுப்பில் செருகிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது.

"காலேஜில் கணக்குப் படித்தவர் என்று பேர்! குழந்தைக்கு ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்கக் கூடாதா?" என்றாள் மனைவி.

எனக்குச் சூட்சுமம் தெரியும். ஆனால் நான் சொல்லி அவள் ஜயித்தால், அது யாருடைய ஜயம்? ஆகவே ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "எத்தனை கொட்டை மீதி இருக்கும்போது உன் முறை வந்தால் தோற்றுப் போகிறாய்?"

அவள் பதில் சொல்லவில்லை. சாப்பாடு ஆனதும் கொட்டைகளை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டாள். முதலில் நாலு கொட்டை வைத்துப் பார்த்தாள். ஒன்று எடுத்தால் எதிராளிக்கு மூன்று. இரண்டு எடுத்தால் இரண்டு. மூன்று எடுத்தால் ஒன்று. எதுவானாலும் அவன் வாரிக்கொண்டு போய்விடுவான். ஆக, நாலு ஆகாது. ஐந்து, ஆறு, ஏழு? அவற்றுக்குப் பயமில்லை, வேண்டியதை எடுத்து அவன் தலையில் அந்த நாலைக் கட்டிவிடலாம். எட்டு? மறுபடியும் வம்புதான். நாம் எத்தனை எடுத்தாலும், இரண்டு பேர் எடுத்ததும் சேர்ந்து நாலு ஆகும்படி அவன் எடுத்தால், நாலில் வந்து மாட்டிக்கொள்வோம். அப்புறம் பன்னிரண்டு, பதினாறு...

"அப்பா!" என்று ஒரு கூச்சல். "இருபதும் ஆகாது! ஆரம்பிக்கும்போதே நான் தோற்றாச்சு!"

தாராள மனசின் குட்டு வெளிப்பட்டது அப்போதுதான்.

மறுநாள் காலை, "அண்ணா, நீதானே பெரியவன்? நீயே முதலில் எடு" என்றாள். பையன் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்! பத்து மணிக்குள் பதினோரு சோழி திரும்பி வந்துவிட்டது. "சரி, நானே முதலில் எடுக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே அவன் சத்தமில்லாமல் இன்னொரு கொட்டையைக் குவியலில் சேர்த்தான். குழந்தை எண்ணிப் பார்த்தாள், 21. தானே ஒன்றை எடுத்து, "என் முறை ஆச்சு. இனி நீ" என்றாள்.

பையன் ஆட்டத்தையே மாற்றினான். மூன்று குவியல், 3, 5, 7. ஒரு முறைக்கு ஏதாவது ஒரு குவியலிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். இதிலும் கடைசிக் கொட்டைக்குத்தான் ஜயம். இந்தத் தடவை முதலில் எடுப்பது அவன்தானாம்!

வரிசையாக இரண்டு ஆட்டம் தோற்றுவிட்டு என்னிடம் வந்தாள். இப்போது நான் பிகு பண்ணிக்கொள்ளவில்லை. இது ஒரு ராத்திரியில் திண்ணையில் பிடிபடுகிற விஷயமல்ல. இந்த ஆட்டத்துக்கு 'நிம்' என்று பேர் வைத்து, அதன் சூட்சுமத்தை முழுவதும் எழுதி 1901-ல் வெளியிட்டவர் ஹார்வர்டு சர்வகலாசாலையில் கணிதம் போதித்த சார்லஸ் பூட்டன்.

அவர் உபாயத்தை நம் வீட்டுச் சில்லறைக் கணக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு குவியலையும் நாலணா, இரண்டணா, ஓரணாவாக மாற்றுங்கள். ஒரு குவியலில் ஒரு நாணயம் இரண்டு தடவை வரக் கூடாது. மூன்று என்றால் 2, 1. ஐந்து என்றால் 4, 1. ஏழு என்றால் 4, 2, 1. இப்போது ஜோடி சேருங்கள். நாலணா இரண்டு; ஜோடி. இரண்டணா இரண்டு, ஜோடி. ஓரணா மட்டும் மூன்று. ஒன்று ஒற்றையாக நிற்கிறது. ஆகவே எந்தக் குவியலிலிருந்தாவது ஒரே ஒரு கொட்டையை எடுத்துவிட்டால் எல்லாம் ஜோடி. எதிராளி ஒரு குவியலைத்தானே தொடலாம்? எதைத் தொட்டாலும் ஏதாவது ஒரு ஜோடி பிரியும். நீங்கள் மறுபடி சேர்த்து வையுங்கள். ஒவ்வொரு தடவையும் அப்படிச் சேர்த்து வைக்க வழி உண்டு. அதைத்தான் பூட்டன் நிரூபித்தார். கடைசிக் கொட்டை தானாக உங்கள் கைக்கு வரும்.

1951-ல் லண்டனில் ஒரு கண்காட்சிக்கு பெரான்டி கம்பெனியார் 'நிம்ராட்' என்ற கணிப்பொறியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வந்தவர்களோடு இந்த ஆட்டம் ஆடுவதுதான் அதற்கு உத்தியோகம். அதே வருஷம் பெர்லினில் ஜெர்மானியப் பொருளாதார மந்திரி லுட்விக் எர்ஹார்டையே அது தோற்கடித்துவிட்டது. அவர் எத்தனை சோழி கொடுத்தாரோ!

நாற்பது சோழியும் இப்போது பையில் பத்திரமாக இருக்கிறது. "பச்சைக் குழந்தையை இப்படி ஏமாற்றலாமா?" என்று என் மனைவிக்குப் பையன் மேல் இன்னும் கோபம்தான். எனக்கு அவ்வளவு கோபமில்லை. அந்த 21-வது கொட்டையைத் தவிர.

இரண்டு பேருக்கும் ரகசியம் தெரிந்த பிறகு ஆட்டத்தில் என்ன ருசி? ஆகவே இருவரும் கூட்டுச் சேர்ந்து ஆள் தேடுகிறார்கள். நேற்று நான் காபி குடித்துக்கொண்டிருந்தபோது எதிரே 1, 6, 7 என்று மூன்று குவியல் வந்து உட்கார்ந்தது.

"அப்பா, நீங்களே முதலில் எடுங்கள்" என்றாள் பெண்.

மனசுக்குள் சில்லறை மாற்றிப் பார்த்தேன். நாலணா இரண்டு, இரண்டணா இரண்டு, ஓரணா இரண்டு.

"ஆபீஸ் வேலை தலைக்கு மேல் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.